17684

தென்காசி ரயிலில் எதிர் ஜன்னலோரம் இருந்தவர், பம்பாயில் கம்ப்யூட்டர் உள்ள ஓர் அலுவலகத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். குற்றாலத்தில் குளிக்க வந்திருந்தார். சட்டைப்பையில் மூன்று பென்சில்கள். கையிலிருந்த செய்தித்தாளில் அன்றைய தேதியை அடித்துவிட்டு 24301 என்று எழுதினார்.

"அது என்ன நம்பர் சார்?" என்றேன்.

"இன்னைக்குத் தேதி. எங்க மெஷினுக்கு மாசம், வருஷம் தெரியாது. 1900 ஜனவரி முதல் தேதி ஒண்ணு. அப்புறம் தினமும் ஒண்ணு கூடும். உன் பிறந்தநாளைச் சொல்லு."

எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதித் தேர்வு வரை படித்த முதல் ஆள் நான். சான்றிதழில் உள்ளபடி 1948 ஜூன் ஒன்று என்று பெருமையாகச் சொன்னேன். 17684 என்று எழுதினார். 1900-இன் அந்த முதல் நாள் திங்கட்கிழமை என்றார். அவர் பென்சில் அசையுமுன் 17684-ஐ ஏழால் வகுத்தேன். மீதி ஒன்று என்றால் திங்கள். எனக்கு வந்த மீதி இரண்டு.

"செவ்வாய்க்கிழமை!"

பக்கத்திலிருந்த அம்மா சிரித்துவிட்டாள். "ஏட்டி, நீ வெள்ளிக்கிழமைல்லா பொறந்தே! அந்தத் தேதி, ஒன்னப் பள்ளிக்கூடத்துல சேக்கையில பெரிய வாத்தியார் அவரா எழுதுனது."

"கணக்கு பொய் சொல்லுமாம்மா?"

"ஒன்னப் பெத்தது நானா, வாத்தியாரா?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்காகப் பேசுவார் என்று பம்பாய்க்காரரைப் பார்த்தேன். அவரோ வயிறு குலுங்கச் சிரித்தார்.

"உன் கணக்கு சரிதாம்மா. கொடுத்த தேதிதான் தப்பு. எங்க மெஷினும் இப்படித்தான், கொடுத்ததை அப்படியே நம்பும்."

எழுந்து, தன் ஜன்னலோரத்தை அம்மாவுக்குக் கொடுத்தார். தென்காசி வரும்வரை அம்மா மலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். கடைசியில் நானும் சிரித்தேன்.

அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். அவரைச் சந்தித்த நாள் மட்டும் மறக்கவில்லை: 24301.