மேசையில் பூட்டிய ஸ்டியரிங்

என் மகன் ஒரு வாரமாக ஒரே கேள்வியைக் கேட்டு நச்சரிக்கிறான். அவன் ஆசைப்படும் வீடியோ கேம் இரண்டு விதமான பெட்டிகளில் வருகிறதாம். சின்னப் பெட்டியில் விளையாட்டு மட்டும். பெரிய பெட்டியில் அதே விளையாட்டோடு ஒரு தலைக்கவசமும், கையில் கட்டிக்கொண்டால் மினுங்கும் ஏதோ ஒரு கருவியும். விலை மூன்று மடங்கு. அந்தச் சாமானுக்காக அவ்வளவு காசு கொடுக்கலாமா என்கிறான். இதைக் கேட்பதற்கு என்னைவிடத் தோதில்லாத ஆள் கொழும்பிலேயே கிடையாது. விளையாட்டை ஒருநாள்கூடப் பார்க்காமல், கூட வந்த சாமானை மட்டும் வைத்துக்கொண்டு வளர்ந்தவள் நான்.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வீடுகள் ஒட்டினாற்போல் வரிசையாக நிற்கிற லயத்தில் எங்களுடையது கடைசிக் காம்பரா. லயம் முழுவதற்கும் ஒரே ஒரு செல்போன் இருந்த காலம் அது. நான் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தம்பி கொழும்பில், புறக்கோட்டையில், சீடியும் கேமும் விற்கிற கடையொன்றில் வேலைக்கு நின்றார். அந்தத் தீபாவளிக்கு மாமா வந்தபோது அவர் தலையில் ஒரு பெட்டி இருந்தது. ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி மேடேறி வருவதற்குள் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவருக்குப் பின்னால் சேர்ந்துவிட்டார்கள். சாமி ஊர்வலத்துக்குக்கூட அத்தனை ஒழுங்காக நாங்கள் நடந்ததில்லை.

பெட்டியை மாமா காம்பராவுக்குள் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு ஸ்டியரிங் இருந்தது. பொம்மை ஸ்டியரிங் இல்லை. கறுப்புத் தோல் சுற்றி, நடுவில் வெள்ளி வட்டமும் இரண்டு சிவப்புப் பொத்தான்களும் வைத்து, பக்கத்தில் குட்டியாக ஒரு கியர்க் கம்பியோடு இருந்தது. கால் வைத்து மிதிக்கத் தனியாக இரண்டு பெடல்கள். இத்தனைக்கும் அடியில், யாரும் கவனிக்காத ஓர் ஓரத்தில், ஒரு சீடி.

"இது கலெக்டர்ஸ் எடிஷன்க்கா. சும்மா பெட்டி யார்கிட்டயும் இருக்கும். இது எங்க கடைக்கே ரெண்டுதான் வந்துச்சு" என்றார் மாமா. தீபாவளி போனஸ் முழுவதையும் அதில் போட்டிருந்தார். சரி, இதை ஓட்டுகிற கம்ப்யூட்டர் எங்கே என்று அம்மா கேட்டார். அது அடுத்த தீபாவளிக்கு என்றார் மாமா.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஆனைய வாங்கிட்டு அங்குசம் வாங்க யோசிக்கிறவன கேள்விப்பட்டிருக்கேன். அங்குசத்த வாங்கிட்டு ஆனைய தேடுறவன இன்னைக்குத்தான்டா பாக்கிறேன்."

மாமா சிரித்துச் சமாளித்துவிட்டு ஸ்டியரிங்கை எங்கள் மேசையில் வைத்துப் பூட்டினார். சீடியை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா அதை முருகன் படத்துக்குப் பின்னால், தலைக்கு மேலே பாதி தெரிகிற மாதிரி செருகிவைத்தார். விளக்கேற்றியதும் முருகன் தலையைச் சுற்றி ஏழு நிறமும் ஓடியது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். முருகன் படத்துக்குப் பக்கத்தில் அத்தையின் படம் இருந்தது. அப்பாவின் தங்கை; ரெட்டைச் சடையோடு சிரிக்கிற அத்தை. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே செத்துப்போனார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அப்பாவுக்குத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை. ஆனால் எல்லோரும் அவரை 'டிரைவர்' என்றே கூப்பிட்டார்கள். எங்கள் லயத்து நாய்க்கு டைகர் என்று பெயர் இருந்தது. அதனால் டிரைவர் என்பதும் அப்படி ஒரு பெயர்தான் என்று நான் எண்ணியிருந்தேன். இதில் வேடிக்கை, அப்பா எந்த வண்டியிலும் ஏறவே மாட்டார். டவுனுக்கு நாங்கள் பஸ்ஸில் போனால் அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து சேருவார். அப்பாவுக்கு பஸ் ஒத்துக்காது, வாந்தி வரும் என்று அம்மா சொல்லிவைத்திருந்தார்.

முதல் இரண்டு நாளும் அப்பா மேசைப் பக்கமே வரவில்லை. மாமா கொழும்புக்குத் திரும்பிய அன்று பின்னேரம், வேலை விட்டு வந்து, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினார். கதிரையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். குனிந்து பார்க்காமலே கால் பெடலைக் கண்டுபிடித்தது. கியர்க் கம்பியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஏறு பாப்பா" என்றார்.

அப்படித் தொடங்கியதுதான் எங்கள் லொறி. வயரை எதிலும் சொருகவில்லை, எதிரே திரை இல்லை, வெறும் சுவர்தான். ஆனால் அப்பா வாயால் இஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் அந்தக் காம்பரா கிளம்பிவிடும். ஒரு வாரத்துக்குள் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் பின்னேரமானால் ஆளுக்கொரு சாக்கோடு வந்து அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். கால் சாய்த்து நடக்கும் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா, தன் மகனைத் தானே கையைப் பிடித்துக் கூட்டிவந்து முதல் சாக்கில் உட்காரவைத்துவிட்டுப் போவார். நான்தான் கிளீனர். பொம்பளப் புள்ள கிளீனரா என்று பையன்கள் முணுமுணுத்தபோது, "என் லொறிக்கு நான் வைக்கிறதுதான் கிளீனர்" என்று அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

என்ன பிரயாணம் அது! கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளைக் காம்பராவைத் தாண்டும்போது வேகத்தைக் குறைப்பார். மாடசாமி கோயிலுக்கு ஒரு ஹோர்ன். எதிரே தேங்காய் லொறி வந்தால் ஓரம்கட்டி வழிவிடுவார். அந்த டிரைவரோடு சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசுவார். வளைவில் அவர் சாயும்போது நாங்கள் அத்தனை பேரும் ஒன்றாகச் சாய்வோம். "எடது பக்கம் பாருங்க, டேம்ல தண்ணி வத்திப் பழைய கோயில் தெரியுது" என்பார். நாங்கள் இடது பக்கம் திரும்பினால் அங்கே அம்மாவின் சட்டிபானைதான் இருக்கும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், நான் கோயிலைப் பார்த்தேன். சேறு படிந்த அதன் படிகளைக்கூடப் பார்த்தேன். பிறகு எத்தனையோ கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பார்த்துவிட்டேன். எதிலும் தண்ணீர் அத்தனை பச்சையாக இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் லொறி நின்றுவிடும். பீலி வளைவு. மலையிலிருந்து வருகிற தண்ணீர் ரோட்டோரத்தில் பீலி வழியாகக் கொட்டுகிற இடம். அங்கே வந்ததும் அப்பா பிரேக்கை மிதித்து, இஞ்சின் சூடாகிவிட்டது, தண்ணீர் ஊற்ற வேண்டும், எல்லோரும் இறங்கி நடங்கள் என்பார். நாங்கள் வாசலுக்கு இறங்கி, மழையென்றாலும் நனைந்துகொண்டு, அடுத்த காம்பரா வரை போய்த் திரும்புவோம். அதற்குள் அப்பா தனியாக வளைவைக் கடந்து, அந்தப் பக்கம் லொறியை நிறுத்தி, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு இருப்பார். பிறகு ஏறுவோம். ஒருநாளும் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. உலகத்தில் எல்லா ரோட்டுக்கும் இதுதான் சட்டம் என்று நினைத்தோம்.

பொங்கலுக்கு மாமா வெறுங்கையோடு வந்தார். முகம் வாடியிருந்தது. கடைக்கு வந்த ஒருவர் அந்தப் பெட்டியை, சீடியோடு முழுசாக இருந்தால், போட்ட விலைக்கே எடுத்துக்கொள்கிறாராம். அந்தக் காசில் அக்காவுக்கு நல்ல கம்பளி வாங்கித் தரலாம், புத்தி வந்துவிட்டது என்றார். மறுநாள் காலை ஸ்டியரிங்கைக் கழற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. நான் அழுது புரண்டேன். கடைசியாக ஒரு தடவை, ஹட்டன் வரைக்கும் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அப்பா சரி என்றார்.

அன்று லொறி நிறைய ஆள். மாமாவும் ஒரு சாக்கில் உட்கார்ந்திருந்தார். வெளியே நல்ல மழை. பீலி வளைவு வந்தது. இறங்கச் சொன்னார் அப்பா. நான் அசையவில்லை.

"எறங்கு பாப்பா. இஞ்சின் சூடாயிருச்சு."

நான் மேசையில் கையை வைத்துப் பார்த்தேன். "சூடாகலப்பா. சில்லுனு இருக்கு. நான்தானே கிளீனர், எனக்குத் தெரியாதா?"

கிளீனரே இறங்காதபோது மற்றவர்கள் ஏன் இறங்குவார்கள்? எழுந்திருந்த பிள்ளைகளும் உட்கார்ந்துவிட்டார்கள். அடுப்படியில் அம்மா அகப்பையோடு அப்படியே நின்றார். மாமா, "விடு பாப்பா, எறங்கிருவோம்" என்று என் தோளைத் தொட்டார். நான் தட்டிவிட்டேன்.

அப்பா இரண்டு உள்ளங்கையையும் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு கியரைக் குறைத்தார். அந்த வளைவில் மட்டும் அவர் வாயிலிருந்து இஞ்சின் சத்தம் வரவில்லை. கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தந்தான். ஸ்டியரிங் மெல்ல மெல்லத் திரும்பியது. அவர் சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. நாங்கள் சாய்ந்தோம், நிமிர்ந்தோம். அப்பா என்னைக் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"வந்துட்டோமா?"

"வந்துட்டீங்க" என்றார் அம்மா. "எல்லாரும் வந்துட்டீங்க."

மறுநாள் மாமா ஸ்டியரிங்கை எடுத்துக்கொண்டு போகவில்லை. முருகனுக்குப் பின்னால் இருந்த சீடியை எடுக்க அம்மா விடவில்லை, அதனால்தான் வியாபாரம் முறிந்தது என்று நான் பெருமையாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன்.

எனக்குப் பதினாறு வயதானபோதுதான் விஷயம் தெரிந்தது. நான் பிறந்த மறு வருடம், தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறியில் சாக்குகளுக்கு மேலே பெண்களை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார் அப்பா. பீலி வளைவில் பிரேக் பிடிக்காமல் லொறி கீழே தேயிலைக்குள் உருண்டுவிட்டது. பக்கத்துக் காம்பராப் பெரியம்மாவுக்குக் கால் உடைந்தது அதில்தான். அத்தை எழுந்திருக்கவே இல்லை. பிழை பிரேக்கில்தான், ஆள்மேல் இல்லை என்று விசாரித்தவர்கள் சொல்லியும், அப்பா தானாகவே சாவியைக் கொடுத்துவிட்டுக் கவ்வாத்துக்கு வந்துவிட்டார். லயத்தில் பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்துதான் தினமும் தங்கள் பிள்ளைகளை அவர் லொறியில் ஏற்றிவிட்டார்கள்.

ஆனால் அந்தத் தை மாதத்தில் எனக்கு ஒன்றுமே தெரியாது. பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, எனக்குக் காலுக்குப் போடச் சப்பாத்து வாங்க டவுனுக்குக் கிளம்பினோம். அப்பா குடையை எடுக்கவில்லை. எங்களோடு பஸ்ஸில் ஏறினார். ஏறியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பீலி வந்ததும் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திக் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

"போங்கண்ணே" என்றார் அப்பா.

பஸ் மெதுவாகத் திரும்பியது. இதுதான் சமயமென்று நான் ஜன்னலுக்கு வெளியே கையைவிட்டுத் தகரத்தைத் தட்டி, "ரைட்... ரைட்... வரலாம்!" என்று கத்தினேன். எல்லோரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று வெட்கமாகிவிட்டது. வளைவைத் தாண்டியதும் எதிர்ச் சீட்டிலிருந்த பக்கத்துக் காம்பராப் பெரியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு டொபியை என் கையில் வைத்து மூடினார்.

கிளீனருக்குக் கிடைத்த சம்பளம் என்று நினைத்து, யாருக்கும் பங்கு கொடுக்காமல் முழுவதையும் நானே தின்றேன்.