பிலோமினாவின் கழுத்து

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை காசிமேடு துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தேன். மீன் வாங்கவா? இல்லை. கவலைப்பட.

வீட்டிலிருந்தே கவலைப்பட்டிருக்கலாமே என்பீர்கள். முந்தின நாள் முழுக்க அதைத்தான் செய்தேன்... போதவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் தெரு மகளிர் குழுவில் பிலோமினாவுக்குக் கடன் கொடுத்திருந்தோம். மாதாமாதம் நாங்கள் போட்டுச் சேர்த்த பணம். பிலோமினா, ஏலத்தில் மீன் எடுத்து வண்ணாரப்பேட்டையில் விற்கிறவள். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு தண்டல்காரரின் பணத்தில்தான் வியாபாரம். காலையில் தருவார், சாயங்காலம் வட்டியோடு வாங்கிக்கொள்வார். அதோடு விட்டாரா? ஏலத்தில் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நிற்பார். விலை ஏற ஏற அவள் திரும்பிப் பார்க்க வேண்டும். அவர் தலையசைத்தால் மேலே கேட்கலாம். இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் இல்லாமல் ஏலம். முந்தின நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தாராம் மனிதர் — குழுப் பணமெல்லாம் ஒரு வாரம் தாங்காது, தன்னிடம் திரும்பி வந்தால் வட்டி இரண்டு மடங்கு என்று.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பயப்படுவதில் மட்டும் மேற்படிப்பு முடித்திருக்கிறேன். போகாமல் இருப்பேனா?

முதல் கூடை சங்கரா மீன் வந்தது. நாலு பேர் விலை கேட்டார்கள். பிலோமினா வாயைத் திறந்தாள்... திறந்தவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. ஒரு ஐஸ் பெட்டிதான் இருந்தது. அவள் முகத்தை இந்தப் பக்கம் கொண்டுவருவதற்குள் கூடை வேறொருத்திக்குப் போய்விட்டது.

இரண்டாவது கூடையும் அப்படியே. வேண்டுமென்றா செய்தாள்? கழுத்து தானாகத் திரும்புகிறது!

டீக்கடைப் பக்கம் நின்ற தண்டல்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பிலோமினா, வந்து பின்னால நிக்கட்டா?"

கோபமே இல்லாத குரல்.

சங்கராவில் இன்னும் ஒரு கூடைதான் பாக்கி. அதுவும் கைவிட்டுப் போனால் அன்றைக்கு வியாபாரம் இல்லை. மறுநாள் ஏலத்துக்கு வரத் தைரியம் இருக்குமா? நேரே அவரிடம்தான் போய் நிற்பாள்.

எனக்குத் தோன்றியது ஒரே யோசனை. ஓடிப்போய் அவள் பின்னால் நின்றுகொண்டேன். திரும்பினால் தைரியம் சொல்ல ஒரு முகமாவது இருக்கட்டுமே!

விலை ஏறியது. நாங்கள் போட்டு வைத்திருந்த கணக்கையும் தாண்டியது. பிலோமினா திரும்பினாள். சரியென்று தலையசைக்கத்தான் வந்தேன், சத்தியமாக. ஆனால் என் தலை என்ன செய்தது தெரியுமா? வேண்டாம், வேண்டாம் என்று ஆடியது.

என்னையே ஒரு கணம் பார்த்தாள்.

"யக்கா, இன்னாத்துக்கு மண்டைய ஆட்டிகினு கீற? காசு குழுவுது. கட்டப்போறவ நானு."

சொல்லிவிட்டுத் திரும்பி, விலையைக் கேட்டாள். கூடை அவளுடையது.

லாபம் பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் கூடக் கொடுத்துத்தான் எடுத்திருந்தாள். ஆனால் சாயங்காலம் வாசலில் வந்து கை நீட்ட ஆள் இல்லை. தண்டல் நாட்களில் கடைசி மீனையும் கூவி விற்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். அன்றைக்கு இரண்டு சங்கராவைக் குழம்புக்கு எடுத்து வைத்திருந்தாள். தண்டல்காரர் தெருவைத் தாண்டும்போது குழம்பு கொதிக்கிற வாசனை அவருக்கும் அடித்திருக்கும்... அடிக்கட்டும்.

கடன் கொடுத்துவிட்டால் ஒருத்தி சொந்தக் காலில் நின்றுவிடுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கால் சீக்கிரம் நின்றுவிடுகிறது. இந்தக் கழுத்துதான்! சொந்தச் சம்பளத்தில் ஒரு புடவை எடுக்கும்போதுகூட யார் முகத்தையோ பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? கழுத்துக்கும் கொஞ்சம் தவணை கொடுக்கத்தான் வேண்டும்போல.

மறுநாளும் வருகிறேன் என்றேன்.

"வா. ஆனா பின்னால வாணாம். எதிர்ல நில்லுக்கா."

மறுநாள் ஏலத்தில் அவள் திரும்பியது ஒரே ஒரு முறைதான். நான் எதிரில்தான் நின்றேன் — தலை ஆடிவிடாமல் இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு.