மூலையில் மூடாத புல்

எனக்கு நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கோணலாகத்தான் வரும். சொல்ல வந்ததைப் பாதியில் மறந்தும் போகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஐம்பதுகளில் நாங்கள் குமுளிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். ஒரு மாசி மாதம் துரையின் பங்களா முன்னால் புல்தரை போட்டார்கள். ஆற்றோரத்துப் புல்லை மண்ணோடு பத்தை பத்தையாக வெட்டிக் கொண்டுவந்து, இடைவெளி விட்டுப் பதித்திருந்தார்கள். இடையில் மண் தெரியாமல் புல் மூடும்வரை தண்ணீர் ஊற்றவும் களை எடுக்கவும் இரண்டு பெண்கள் வேண்டுமென்று துரைசானி கேட்டிருக்கிறார். கங்காணி என்னையும் என் அண்ணன் மனைவியையும் அனுப்பினார்.

மதினி அப்போது கர்ப்பம். அதற்கு முன் இரண்டு முறை கலைந்துபோயிருந்தது. கொழுந்துக் கூடையோடு மேட்டில் ஏறி இறங்கியதால்தான் என்று அவள் நம்பினாள். பிரசவம் வைகாசிக் கடைசியில். அதுவரை சமதரையில் வேலை கிடைத்தால் இந்தப் பிள்ளை தங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் ஒரே கேலி. "நேத்து வரைக்கும் புல்லைப் பிடுங்கக் கூலி குடுத்தாக. இன்னைக்குப் புல்லுக்குத் தண்ணி ஊத்தக் கூலியாம். அப்படியே தாலாட்டும் பாடிட்டு வாங்க, மகராசிகளா" என்பாள் பக்கத்து வீட்டு அக்கா.

வெயில் ஏறுமுன் ஒருமுறை, தாழ்ந்தபின் ஒருமுறை பூவாளியால் ஊற்றுவோம். புல்லை மிதிக்கக் கூடாது. பலகை போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் களை எடுக்க வேண்டும். பலகையில் உட்கார்ந்துவிட்டால் மதினியின் முகமே வேறாகிவிடும்.

பங்குனி கழிவதற்குள் புல் கிடுகிடுவென்று பரவியது. வேலிப் பக்கத்து மூலை மட்டும் மூடவில்லை. ஒருநாள் பார்த்தேன், அங்கே ஓடி வருகிற புல் நுனியை மதினி கிள்ளிக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி, நல்ல புல்லைப் போய்க் கிள்ளுறீங்க?"

"சும்மா இரு புள்ள. இந்த மூலையும் மூடிட்டா நாளைக்கே கூடையை முதுகுல மாட்டிருவாக."

அதன்பின் நானும் அந்த மூலைக்குத் தண்ணீர் காட்டவில்லை.

பங்களாத் தோட்டக்காரர் வயதானவர், எங்கள்மேல் பிரியம் உள்ளவர். மூலை மொட்டையாகக் கிடப்பதைப் பார்த்துத் துரைசானி முகம் சுளித்தாராம். மறுநாள் காலை நாங்கள் போனபோது, தோட்டக்காரரே அங்கே புதுப் பத்தைகளை நெருக்கிப் பதித்து, பலகையால் தட்டி, தண்ணீரும் விட்டிருந்தார்.

"உங்களை ஏசுவாகளேன்னு நானே சரி பண்ணிட்டேன் தாயி. இனி அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்றார்.

மதினி "நல்லது மாமா" என்றாள். வேறு என்ன சொல்வாள்?

அந்த வாரமே எங்களை மேட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சித்திரையில் கோடை மழை பிடித்து, பாதையெல்லாம் வழுக்கல். மாதம் நிறையுமுன்னே மதினிக்கு வலி வந்தது. பெண் குழந்தை. அழவே இல்லை.

அந்தத் தோட்டக்காரரிடம் முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு மூலை என்ன, நாலு மூலையையும் அப்படியே விட்டிருப்பார். பங்களா ஆள் என்று பயந்து நாங்கள் இருவருமே வாய் திறக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அது மனதை அறுக்கிறது.

குழந்தை பிறந்தது சித்திரைக் கடைசியா, வைகாசிப் பிறப்பா என்று எனக்குச் சந்தேகம். அன்றைக்கு லயத்தில் இருந்தவர்கள் கம்பத்துப் பக்கம் ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள். யாராவது விசாரித்துத் திருத்தினால் நல்லது. மதினியிடம் மட்டும் கேட்க வேண்டாம்.