நூற்றுப் பன்னிரண்டில் எல்லோரும் டீ குடித்தார்கள்

போன வாரம் புதுச் செருப்பு வாங்கிவந்து பெட்டியைத் திறந்தேன். தோல் ஒட்டும் பசையின் வாசனை குப்பென்று வந்தது. செருப்பைப் போட்டுப் பார்க்க மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த வாசனை வந்தால் தாராவியில் யூசுப்பின் வாப்பா வைத்திருந்த தோல்பைப் பட்டறையும் வந்துவிடும், கூடவே எஸ்தரும்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் மூவரும் பம்பாய் மாட்டுங்காவில் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. எஸ்தர் ஆண்டாப் ஹில்லிலிருந்து பஸ்ஸில் ஏதாவது முனகிக்கொண்டே வருவாள். அவளே எழுதி மெட்டுப் போட்ட ஒரு தமிழ்ப் பாட்டைப் படமாக்கி கல்லூரி விழாவில் காட்டலாம் என்று கிளம்பினோம். கல்யாண வீடியோ எடுக்கும் யூசுப்பின் மாமா காமிராவும் ஒரே ஒரு கேசட்டும் கொடுத்தார். கதாநாயகன் யார் என்ற பேச்சு வந்தபோது, போனால் போகிறது என்பதுபோல நான் ஒப்புக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு வேண்டியிருந்ததே அது ஒன்றுதான். அவளிடம் பேசப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். படத்திலாவது சேர்ந்து நடக்கலாமே!

செம்பூரில் ஒரு பூங்காவில் நடந்தோம். அண்ணனின் சட்டையில் நான் நடந்த நடையைப் பற்றி நீங்கள் கேட்காமலிருப்பது நல்லது.

"நாலு பேருக்குப் போட்டுக் காட்டி, என்ன சொல்றாங்கன்னு பாப்போம்" என்றாள் எஸ்தர். பட்டறையில் மதியச் சாப்பாடு முடிந்த நேரம். படம் டிவியில் ஓடும், பாட்டு டேப் ரெக்கார்டரில். 'ஏக், தோ, தீன்' சொல்லி இரண்டையும் ஒன்றாக அமுக்க வேண்டும். யூசுப் அமுக்கினால் எஸ்தரின் வாய் முந்தும், நான் அமுக்கினால் பாட்டு முந்தும். இதில் நான் வேறு முத்து முத்தான தமிழில் கேள்வித்தாள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பம்பாயிலேயே பிறந்த பையன்களில் பாதிப்பேருக்குத் தமிழ் படிக்க வராது. காகிதத்தை வாங்கி, விரலில் இருந்த பசையைத் துடைத்துக்கொண்டார்கள்.

"வாயால கேட்டா எல்லாவனும் பஹுத் அச்சான்னுதாம்ல சொல்லுவான்" என்றான் யூசுப். "நீ டிவியப் பாக்காத. அவனுவ மூஞ்சியப் பாரு."

டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பக்கத்தில் வீடியோ பெட்டியில் கேசட் எவ்வளவு ஓடியது என்று காட்டும் எண்கள் ஓடின. காமிராவைச் சோதிக்க எஸ்தரை அவள் வீட்டு வாசலில் துணி காயப்போட வைத்து எடுத்த ஒரு துண்டு முதலில் வரும். அப்போது தையல் மெஷின்மேல் இருந்த கைகள் நின்றன, கண்கள் இமைக்கவில்லை. எண் நூற்றுப் பன்னிரண்டு வந்ததும் எல்லோரும் ஒன்றாக டீ கிளாஸை எடுத்தார்கள். திரும்பிப் பார்த்தேன். நான் நடந்துவந்துகொண்டிருந்தேன்.

அடுத்த பட்டறை ஆட்களைக் கூப்பிட்டு மறுபடி போட்டோம். அதே நூற்றுப் பன்னிரண்டு, அதே டீ.

பை தைக்கும் காதர் பாய் மட்டும் வாயைத் திறந்தார். "பாட்டு ஏக்தம் ஏ ஒன். அந்தப் புள்ள துணி காயப்போடுதுல்லா, அதையே பாத்துக்கிட்டு இருக்கலாம். நடுவுல ஒருத்தன் எதுக்குக் குறுக்க குறுக்க வாரான்?" பிறகு என்னைப் பார்த்துவிட்டார். "தம்பி, தப்பா எடுத்துக்கிடாதீங்க."

இரண்டு நாள் காய்ச்சல் என்று கல்லூரிக்குப் போகவில்லை. இருந்தது ஒரே கேசட். புதிதாக எடுத்தால் பூங்காக் காட்சியின் மேல்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் பூங்கா போனது போனதுதான். ஆனாலும் அது எஸ்தரின் பாட்டு. மூன்றாம் நாள் ஆண்டாப் ஹில்லில் அவள் வீட்டு வாசலில் நானே காமிராவைத் தோளில் வைத்தேன். பட்டனை அமுக்கியதும் நான்தான். எஸ்தர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். போர்வையை உதறிக் கொடியில் போட்டுப் பாடத் தொடங்கினாள்.

விழாவில் பாட்டு முடிந்ததும் கைதட்டத் தொடங்கியவர்கள் நிறுத்தவேயில்லை. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து எஸ்தர் கல்யாணப் பத்திரிகையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாடிப்படிவரை வழியனுப்பப் போனேன். பாதிப் படியில் நின்றாள்.

"ஊரெல்லாம் கேட்டியே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? அந்தப் பார்க்ல நடந்தது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

பட்டறை இருந்த சந்தில் இப்போது ஏழு மாடிக் கட்டடம். கேசட் குர்லாவில் யூசுப்பின் வீட்டில் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. துடைத்துப் போட்டால் ஓடும் என்கிறான். ஓடலாம். எஸ்தர் பாடுவாள், துணி காயும். அவளும் நானும் சேர்ந்து நடந்த அரை நிமிடம் மட்டும் அதில் எங்கேயும் இல்லை.