சேவுகம்பட்டிக்குக் கொண்டுபோன அரை வார்த்தை

நாற்பத்தாறு வயதில் தபால் தலை சேர்க்கத் தொடங்குகிறவனை என்ன செய்வது என்று என் மனைவி தெருவில் நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். மூன்று மாதமாகத்தான் இந்தக் கிறுக்கு. திண்டுக்கல்லில் என்னைப்போல் புதிதாகத் தொடங்குகிறவர்கள் காசு கொடுத்துத் தலை வாங்க வேண்டாம். பேகம்பூர் தோல் கடைகளுக்குப் போங்கள். வெளிநாட்டுக் கடிதம் அங்கேதான் வரும். கடைக்காரரின் மருமகன் எப்படிப்பட்டவன் என்று அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தால் ஐந்து தலையாவது தேறும்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, காதர் பாய் வேலை பார்க்கும் தோல் கடையில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். சுற்றுப்பட்டு ஊர்களுக்கு வரும் மலாயாக் கடிதங்கள் அந்தக் கடை விலாசத்துக்கே வரும்.

"பிரிச்ச கடுதாசியில மட்டும் வெட்டிக்கங்கண்ணே" என்று கத்திரிக்கோலைக் கொடுத்துவிட்டுப் பாய் தொழப் போனார். நான் எடுத்தது பினாங்கிலிருந்து வந்த நீல விமானக் கடிதம். ஒரே தாளை மடித்து ஒட்டியிருப்பார்களே, தலையும் அதிலேயே அச்சாகியிருக்குமே, அது. வெட்டும்போது கொஞ்சம் கனத்தது. பினாங்கில் நல்ல காகிதமாகச் செய்கிறார்கள் என்று வியந்துகொண்டேன்.

வீட்டில் தண்ணீரில் ஊறப் போட்டதும் அந்த ஒரு துண்டு மூன்று துண்டாகப் பிரிந்தது. கிண்ணத்தில் மை பரவியது. பிரிக்காத கடிதத்தை மூன்று மடிப்போடு சேர்த்து நறுக்கியிருக்கிறேன். இரண்டு துண்டில் நல்லவேளையாக எழுத்தே இல்லை. தலையின் பின்பக்கத்தில் மட்டும் 'உத்தே' என்று வெளிறிப்போய் நின்றது.

மறுநாள் காலையில் பாயிடம் ஓடினேன்.

"அது சேவுகம்பட்டி மரியம் கடுதாசியாச்சே. கட்டோட நேத்தே பஸ்ஸுல குடுத்தனுப்பிட்டேன். புருசன் பினாங்கு போயி ஏழு வருசமாச்சு. இந்தப் பெருநாளைக்காச்சும் வருவானா மாட்டானான்னு அந்தப் பிள்ளை இந்தக் கடுதாசிக்குத்தான் காத்துக்கெடந்துச்சு."

"துண்டைத் தபால்ல அனுப்பிரலாமா பாய்?"

"நேர்ல போங்கண்ணே. கத்திரி பிடிச்ச கைதானே, பஸ் கம்பியையும் பிடிக்கும்."

புதன்கிழமை காலை 7.20 பஸ். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு இருபத்தொரு மைல், எழுபது நயா பைசா. வலப்பக்கம் உட்கார்ந்தால் வெயில் கம்மி. 8.35க்கு இறங்கினேன். அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. செய்த பாவத்தைத் தீர்க்கப் போகிறவன் சும்மா நின்றிருக்க வேண்டும். பழைய பேப்பர் கடையில் புகுந்து, காப்பி வியாபாரிகள் கழித்துப் போட்ட உறைகளில் பதினொரு தலை கண்டுபிடித்தேன். கடைக்காரர் இருபது நயா பைசா வாங்கிக்கொண்டு, "இம்புட்டுக் குப்பையவுமா வீட்டுக்குக் கொண்டு போறீக?" என்று கேட்டார். அவருக்கும் என் மனைவிக்கும் பழக்கம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. அங்கிருந்து சேவுகம்பட்டி நாலு மைல், பதினைந்து நயா பைசா.

மரியத்தின் வீட்டை அடையாளம் சொல்வது சுலபம். முன்சுவரில் பாதிதான் வெள்ளை அடித்திருந்தது. சுண்ணாம்புப் பானை வாசலில் காய்ந்து வெடித்துக் கிடந்தது. முப்பது வயது இருக்கும் மரியத்துக்கு. அவள் மாமியார் முறத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கப்பல்ல எலி கடிச்சிருக்கும்னு சொன்னாக" என்று மரியம் கடிதத்தைக் காட்டினாள்.

"எலி சதுரமாக் கடிக்குமாக்கும்?" என்றார் மாமியார்.

நான்தான் அந்த எலி என்று ஒப்புக்கொண்டேன்.

ஓரம் விடாமல் எழுதிய கடிதம், புள்ளி கமா எதுவும் கிடையாது. ஒரு வரி 'பெருநாளைக்கு ஊருக்கு வர' என்று முடிந்திருந்தது. அடுத்த வரியின் தலைப்பில் என் கத்திரி வேலை. அதற்குப் பிறகு, 'சம் இல்லாவிட்டால் கடிதம் போடுகிறேன்.' படிக்கத் தெரியாத மரியத்துக்குப் படித்துச் சொன்ன ஊர் டீக்கடைக்காரர் ஓட்டையைத் தன் புத்தியால் அடைத்திருக்கிறார்: வர அவகாசம் இல்லாவிட்டால் கடிதம் போடுகிறேன். கடிதம்தானே வந்திருக்கிறது? அப்படியானால் ஆள் வரவில்லை. அன்றைக்கே வெள்ளையடிப்பு நின்றுபோனது.

சட்டைப்பையிலிருந்து துண்டை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். 'உத்தே'யும் 'சம்'மும் சேர்ந்தன.

"பெருநாளைக்கு ஊருக்கு வர உத்தேசம். இல்லாவிட்டால் கடிதம் போடுகிறேன்." அவர் வைக்காத புள்ளியை நான் வாயால் வைத்து வாசித்தேன்.

"இன்னொருக்கா வாசிங்கண்ணே."

மூன்று தரம் வாசித்தேன்.

"உத்தேசம்னா வாரதா, வாரதா நெனைக்கிறதாண்ணே?"

நான் துண்டை ஒரு நூல் அளவு நகர்த்திச் சரிபார்த்தேன். மாமியார்தான் காப்பாற்றினார். "ஏழு வருசமா அவன் நெனச்சதாக்கூட எழுதலையே. நெனச்சுட்டான்ல, வந்துருவான். பானையில தண்ணிய ஊத்து."

மரியம் எழுந்தவள் நின்று, "தலைய நீங்களே எடுத்துக்கங்கண்ணே. வார்த்தைய மட்டும் குடுத்துருங்க" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒன்றின் முதுகில்தான் மற்றது இருக்கிறது என்று துண்டைத் திருப்பிக் காட்டினேன். அப்போதுதான் சிரித்தாள். சோற்றுப் பருக்கை வைத்து நானே ஒட்டிக் கொடுத்தேன். மாமியார் தேங்காய்ப்பால் ஆப்பம் வைத்தார். குற்றவாளிக்கு இப்படி உபசாரம் நடக்கும் ஊர் வேறு எங்கும் கிடையாது.

போகிறவர்களுக்கு: திரும்பும் பஸ் 1.10க்கு, விட்டால் 3.30. புதிதாகச் சேர்ப்பவர்கள் மலாயாவிலும் சிலோனிலும் ஆள் இருக்கும் வீடுகளில் கேட்கலாம், தாராளமாகக் கொடுப்பார்கள். கடிதத்தைப் படித்து முடித்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். நீல விமானக் கடிதத்தில் கத்திரி வைக்கவே வைக்காதீர்கள். கேட்டால் முழுத்தாளாகக் கொடுப்பார்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பெருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள். தினமும் சாயங்காலம் பேகம்பூர் போகிறேன். காதர் பாய் தபால் கட்டைப் புரட்டி, "பினாங்குலேருந்து ஒண்ணும் வரலண்ணே" என்கிறார். வெறுங்கையோடு சந்தோஷமாக வீட்டுக்கு நடக்கிறேன்.