அத்தான் கேட்ட மூன்றாவது தேதி

எங்கள் வீட்டு வேதப்புத்தகத்தின் முன்பக்க வெற்றுத்தாளில் பிறப்பு, ஞானஸ்நானம், கலியாணம், மரணம் ஆகியவற்றின் தேதிகளை எழுதிவைப்பது என் பொறுப்பு. அக்காள் வீட்டுக்காரர் தமக்கு இன்னொன்றும் சேர்க்கச் சொன்னார்: தாம் இரட்சிக்கப்பட்ட தேதி. எழுப்புதல் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் அந்தத் தேதியைப் பிறந்தநாளைவிடப் பெரிதாகச் சொல்லிக்கொண்ட காலம் அது. உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது தாராவியில் ஒரு கூட்டத்தில், மனந்திரும்புகிறவர்களைப் பிரசங்கியார் கூப்பிட்டதும் அவர் முன்னே போய் முழங்காலில் நின்றார். எழுதினேன். மறு வருஷம் அதை அடித்துவிட்டு, கல்யாண் என்ற ஊரில் நடந்த கூட்டத்தின் தேதியைப் போடச் சொன்னார். இடையில் வாடகை வாங்க வந்தவரிடம் கெட்ட வார்த்தை பேசிவிட்டாராம். ஆகவே முதல் தேதி செல்லாதாம். அதையும் எழுதினேன்.

போர் முடிந்த மறு வருஷம், மழைக்காலத்தில், மூன்றாம் முறையாக வந்தார்.

அத்தான் தாராவியில் தோல் பதனிடும் கூடமொன்றில் மேஸ்திரி. தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் கூடுதலாக ஊறவிட்டதற்காக, தம்மைவிட வயதில் மூத்த ஒரு தொழிலாளியை எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்துவிட்டார். அறை வாங்கியவர் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம், எல்லாருக்கும் பாய். அவர் திருப்பி அடிக்கவில்லை.

“ரட்சிக்கப்பட்ட கை நல்லா கனமாத்தான் இருக்கு மேஸ்திரி” என்றார். கூடமே சிரித்ததாம்.

எங்கள் சபைக்குக் குருவானவர் மாதம் ஒருமுறைதான் வந்து நற்கருணை கொடுப்பார். அந்த அறைக்குப் பிறகு இரண்டு மாதமும் அத்தான் அதை வாங்கப் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. வீட்டிலும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் குர்லாவில் ஒரு கூட்டத்துக்குப் போய் மறுபடியும் முன்னே நின்றுவிட்டு வந்தார்.

“மாப்ள, கல்யாண் தேதிய அடிச்சிரு. நேத்துத் தேதியப் போடு.”

“போன தடவையும் இதத்தான சொன்னிய, அத்தான்?”

“அன்னைக்கு நெசமா ரட்சிக்கப்பட்டிருந்தா இந்தக் கை எந்திரிச்சிருக்குமா? அது பொய். இதுவும் பொய்யாப் போச்சுன்னா எனக்கு நரகம்தான்.”

கருவாடு கழுவிக்கொண்டிருந்த அக்காள் திரும்பிப் பார்த்தாள். “மூத்த பய நேத்து எஞ் சட்டிய ஒடச்சான். அவனுக்கும் பொறந்த தேதிய மாத்தச் சொல்லுதியளா?”

“வேதக் காரியத்துல சட்டியக் கொண்டாராத.”

“ஞாயித்துக்கெழமதோறும் முட்டங்கால் போட்டுப் பாவ அறிக்கை சொல்லுதோமே, அது யாருக்கு வச்சது? ரோட்டுல போறவனுக்கா? உள்ள இருக்குற நமக்குத்தான?”

நானும் சொன்னேன். பிள்ளை தவறி விழுந்தாலும் பிள்ளை இல்லை என்றாகிவிடாது. அறிக்கையிட்டால் மன்னிப்பேன் என்று ஆண்டவர் சொன்னது நம் கையை நம்பிச் சொன்னதல்ல, அவர் வார்த்தையை அவரே காப்பார் என்றேன்.

“அப்பொ அடிச்சது ஒண்ணுமில்லன்னு ஆயிருமா?” என்றார் அத்தான். நியாயமான கேள்வி.

“ஆவாது” என்றாள் அக்காள். “சட்டிய ஒடச்சவன் எங்கிட்ட வந்து அழுதான். நீங்க குர்லா வரைக்கும் ரயிலேறிப் போனிய. பாய் வீடு ரெண்டு சந்து தள்ளித்தான இருக்கு. அங்க போனியளா?”

அத்தான் எழுந்து குடையை எடுத்தார். நான் பேனாவை மூடிவிட்டுக் கூடவே போனேன்.

பாய் வாசலுக்கு வந்தார். “அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிரும் பாய்” என்றார் அத்தான்.

“குர்லாவுல ஆண்டவன்கிட்டச் சொல்லிட்டீராமே. ஊரே பேசுது.”

“உம்மகிட்டச் சொல்லல.”

“இப்பச் சொல்லிட்டீருல்லா. நனையாதேயும், உள்ள வாரும்.” டீ வந்தபின் பாய் இன்னொன்றும் சொன்னார்: “அடி எல்லாரு முன்னாலயுந்தான் விழுந்துச்சு. இதையும் நாளைக்குக் கூடத்துல வச்சு ஒரு தடவ சொல்லிரும்.”

சொன்னார். யாரோ சிரித்தார்களாம், பாய் சிரிக்கவில்லையாம்.

அடுத்த நற்கருணை ஞாயிறன்று அத்தான் எனக்கு முன்னதாகவே எழுந்துபோனார். ‘எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு மாப்ள’ என்று காலையில்தான் சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் போனார். கோபம் அவரைவிட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகும் ரேஷன் கடையில் ஒருவரிடம் கத்திவிட்டு, இருட்டுமுன் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டுவந்தது எனக்குத் தெரியும். ஆனால் எழுப்புதல் கூட்டங்களில் முன்னே போய் நிற்பதை விட்டுவிட்டார்; மூன்றாவது தேதியை எழுதச் சொல்லி மறுபடி கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பாவ அறிக்கையில் மட்டும், சபையார் எல்லாருக்கும் அரை வரி முந்தியே சத்தமாகச் சொல்லிக்கொண்டு போவார். முன்பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.