மேற்குக் கதவு

இதைக் கட்டுக்கதை என்பவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. வலது கையைக் காட்டுவேன். இரண்டு விரல்களில் இன்னும் நகம் முளைக்கவில்லை.

விஸ்கான்சினில் எங்கள் ஊர் வழியாக ஒரு காலத்தில் ரயில் ஓடியது. தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுச் சைக்கிள் பாதையாக்கினார்கள். நடுவே மலையைக் குடைந்த முக்கால் மைல் சுரங்கம். சுவரில் ஊறும் நீர் உறைந்தால் செங்கல் வெடித்துவிடும். அதனால் ரயில் காலத்து மரக்கதவுகளைக் குளிர்காலம் முழுக்க மூடி வைப்போம். அந்த வேலை எனக்கும் டுவெய்னுக்கும். அவன் என் மனைவிக்கு அண்ணன், பள்ளியில் என்னோடு ஒரே வகுப்பு. எனக்குக் கிழக்குக் கதவு, அவனுக்கு மேற்கு. உள்ளே யாரும் இல்லை என்று பார்க்க இருவரும் நடுவரை நடந்து வருவோம். தூரத்திலிருந்தே விளக்கை மூன்று முறை ஆட்டுவோம். திரும்பிப் போய் அவரவர் கதவை மூடுவோம். ஒன்பது வருஷமாக இதுதான் முறை.

போன நவம்பரில் என் கதவின் வெளித்தாழ்ப்பாள் உடைந்திருந்தது. காலையிலேயே அவனிடம் சொன்னேன்.

"மச்சான், என் கதவுக்கு உள்ளேருந்து கட்டை போட்டுட்டு உன் பக்கமா வரேன். நான் வெளிய வராம மூடிடாத."

"உன்னை வச்சு மூடிட்டா என் தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது? வா மாப்ளே," என்று சிரித்தான்.

மாலை மணி 3.20. கட்டையைப் போட்டேன். விளக்கோடு நடந்தேன். சொட்... சொட்... என்று நீர்.

3.31. நடுவில் அவன் விளக்கு தெரிந்தது. மூன்று முறை ஆடியது. நானும் ஆட்டினேன். அது திரும்பி மேற்கே நகர்ந்தது.

"நில்லு டுவெய்ன், சேந்தே போலாம்."

நிற்கவில்லை. சரளையில் என் காலடி மட்டும் கேட்டது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

3.42. தூரத்து வாசல் வெளிச்சம் ஒடுங்கியது. டம்...

மேற்குக் கதவு மூடிக்கொண்டது. வெளியே இரும்புத் தாழ் விழுந்தது.

விளக்கு இன்னும் எனக்கு முன்னால் இருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம்.

பிறகு அணைந்தது. என் விளக்கும்.

ஓடிப்போய்க் கதவில் மோதினேன். "டுவெய்ன், நான்தான், திற..."

குரல் எதிரொலித்தது. கொஞ்சம் தாமதமாக... என் தோளுக்குப் பக்கத்திலிருந்து.

வெளியே ஒரு இருமல். அவன் இருமல் எனக்குத் தெரியாதா? பலகைக்கு அந்தப் பக்கம், ஒரு முழத் தூரத்தில் நின்றான்.

திறக்கவில்லை. டிரக் கிளம்பியது.

பயத்தைவிட அதுதான் நெஞ்சை அறுத்தது.

சுவரைத் தடவிக்கொண்டே திரும்பினேன். நான் மூச்சு விட்டால்... பக்கத்திலும் ஒரு மூச்சு.

கிழக்குக் கதவில் நான் போட்ட கட்டை ஈரத்தில் ஊதி இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது.

4.35. வெளியே விழுந்தேன்.

ஊர் மதுக்கடையில் டுவெய்ன் பிராந்தியோடு உட்கார்ந்திருந்தான். முன்னால், கதவை மூடியதும் நாங்கள் நிரப்பிக் கொடுக்கும் படிவம். 'முழுக்க நடந்து பார்த்தேன். யாரும் இல்லை.' கீழே அவன் கையெழுத்து. என்னைப் பார்த்ததும் வெளுத்துப்போனான்.

"நான் தட்டினது கேக்கலையா?"

"கேட்டுச்சு." தலை குனிந்தான். "நான் உள்ள வந்ததே இல்ல மாப்ளே. ஒன்பது வருஷமா வண்டியிலயே உக்காந்திருந்துட்டு மூடிடுவேன். மொத வருஷம் மூடினதுமே உள்ளேருந்து தட்டுச்சு. உன் குரல்ல கூப்பிட்டுச்சு. பதறிப்போய் உன் வீட்டுக்குப் போன் பண்ணேன். நீ சாப்பிட்டுட்டு இருந்த. அதுலேருந்து வருஷா வருஷம் கூப்பிடுது."

அப்படியானால் ஒன்பது வருஷமாக எனக்குப் பதிலுக்கு விளக்கு ஆட்டியது அவன் இல்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீயும் போமாட்ட. யாராவது ஒருத்தர் உள்ள போய்த்தான ஆகணும்."

முப்பது வருஷம் இவனோடு ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறேன்.

"இன்னிக்கு நான் உன் பக்கமா வருவேன்னு தெரியும்ல?"

"விளக்கு வந்துச்சு. அதைத் தூக்கிட்டு வர ஆள் இல்ல. மூடிட்டேன்."

"நான் கூப்பிட்டப்புறம் திறந்திருக்கலாம்ல?"

கிளாஸைத் தள்ளி வைத்தான்.

"தாழ்ல கை வச்சேன். சத்தியமா வச்சேன். ஆனா இன்னிக்கு ரெண்டு பேரு கூப்பிட்டாங்க மாப்ளே. ரெண்டும் உன் குரல்."